வார்டைத் தெரிந்தவர் தேர்தலில் நிற்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தருமபுரி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் மாவு மில் நடத்தி வருகிறேன். கணவர் ஆரம்பித்த மில். அவர் காலமான பிறகு நானே பார்த்துக்கொள்கிறேன். ராகி அரைக்காத வீடு எங்கள் ஊரில் கிடையாது. அரைத்து முடியும்வரை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் பேசுவதெல்லாம் பெரும்பாலும் தண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு பற்றித்தான். மிஷின் சத்தத்தை மீறிப் பேச வேண்டியிருப்பதால் எல்லாமே என் காதிலும் விழும். கொஞ்ச நாளாக அந்தப் பெஞ்சில், "அடுத்த எலெக்ஷன்ல நம்ம வார்டுக்கு யாரு நிக்கப் போறாங்க?" என்ற பேச்சு ஆரம்பித்துவிட்டது. 2022 மார்ச்சில் பதவியேற்ற பேரூராட்சி மன்றங்களுக்கு 2027 மார்ச்சோடு ஐந்து வருடம் முடிகிறது. அதனால்தான் இதை இப்போதே எழுதுகிறேன்.

ஊர்ப் பெயரையும் வார்டு எண்ணையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். யார் மீதும் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை.

நான் பிறந்தது ஈரோட்டுப் பக்கம். 1987இல் கல்யாணமாகி இங்கே வந்தபோது முதலில் என் கண்ணில் பட்டது இந்த ஊர்க்காரர்களின் பல். மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், யார் சிரித்தாலும் முன்பல்லில் பழுப்புக் கோடு தெரிந்தது. வெற்றிலைக் கறை என்று நினைத்தேன். வெற்றிலை போடாத சின்னப் பிள்ளைகளுக்கும் ஏன் இருக்கிறது என்று புரிய எனக்குச் சில வருடம் ஆனது. கிணற்றுத் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் இருக்கும் ஃபுளோரைடுதான் காரணம். குடிக்கிற தண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. குழந்தைக்கு நிலையான பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தால்தான் கறை பிடிக்கும். பிடித்துவிட்டால் போகாது. வளர்ந்த பிறகு இங்கே வந்த எனக்குப் பல் வெள்ளையாகவே இருக்கிறது. இங்கே பிறந்த என் மகன் போட்டோவில் வாய் திறந்து சிரித்து நான் பார்த்ததில்லை. பெண் பார்க்கப் போன இடத்திலும் உதட்டை மூடியபடியே உட்கார்ந்திருந்தான்.

2013 மே மாதம் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஜப்பான் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாயில் கட்டிய திட்டம். எங்கள் தெருக்குழாயில் காவிரித் தண்ணீர் வந்த அன்றைக்குப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து குழாய்க்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினோம். பேத்தி பிறந்தபோது, இவள் பல்லாவது நன்றாக இருக்கும் என்று நிம்மதியாக இருந்தேன்.

2019 கோடையில் எங்கள் வீட்டில் பருப்பு வேகாமல் கிடந்தது. பருப்புதான் பழசு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அடுத்த வீட்டிலும் வேகவில்லை, எதிர் வீட்டிலும் வேகவில்லை. அப்புறம்தான் புரிந்தது, எங்கள் தெருவுக்கு மட்டும் காவிரித் தண்ணீர் வரும் குழாயிலேயே போர் தண்ணீரைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். பேத்திக்கு அப்போது மூன்று வயது.

யாரிடம் போய்க் கேட்பது? கவுன்சிலர் என்று ஒருவர் அப்போது இல்லவே இல்லை. 2011இல் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடையில் ஐந்து வருடத்துக்கு மேல் தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பார்த்தார்கள். ஊர் முழுக்கப் பார்க்கிற ஓர் அதிகாரிக்கு எங்கள் தெரு வால்வு எந்த வேப்பமரத்தடியில் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

எங்கள் தெருவில் வீட்டுத் திண்ணையிலேயே தையல் மிஷின் போட்டிருக்கும் ஒரு பெண் இருக்கிறார். பத்தாவது வரை படித்தவர். அவர் இரண்டு பாட்டிலை நன்றாகக் கழுவி, ஒன்றில் எங்கள் தெருத் தண்ணீரும் இன்னொன்றில் மேல்தெருத் தண்ணீரும் பிடித்தார். மாறிப்போகாமல் இருக்க ஒன்றின் கழுத்தில் சிவப்புப் பிளவுஸ் துண்டும் இன்னொன்றில் பச்சைத் துண்டும் கட்டினார். பஸ் ஏறி தருமபுரிக்குப் போய்க் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பணம் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். முடிவு வந்தது. பச்சைத் துணி பாட்டில் 1.5க்குக் கீழே, எங்கள் சிவப்புத் துணி பாட்டில் 1.5க்கு மேலே. அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்து என் மில் கதவில் ஒட்டினார். அரைக்க வந்தவர்கள் எல்லோரும் படித்தார்கள், படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் படித்துக் காட்டினேன். பெஞ்சில் வைத்தே மனுவில் கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் போய்க் கொடுத்தார். சில வாரத்தில் காவிரித் தண்ணீர் திரும்பி வந்தது.

அதற்காக அவர் நாலைந்து நாள் தையலை விட்டுவிட்டு அலைந்தார். அந்தக் கூலியை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. மகனுடைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் பாதிப் பக்கம் காலியாக இருந்தது. அதில் எழுத ஆரம்பித்தார். எந்த வால்வு எந்தத் தெருவுக்கு, எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை, கம்பத்தின் எண் என்ன, எந்த வீட்டு முன்னால் சாக்கடை தேங்குகிறது, எந்தப் பாட்டிக்கு முதியோர் பென்ஷன் நின்றுபோயிருக்கிறது என்று எல்லாம் அதில் இருக்கிறது. முடிந்த வேலையைப் பென்சிலால் அடித்துவிடுவார்.

2022இல் தமிழ்நாடு முழுக்க 12,838 வார்டுகளுக்குத் தேர்தல் அறிவித்தார்கள். எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கீடு. பெஞ்சில் இருந்த நாங்கள்தான் அவரை நிற்கச் சொன்னோம். அவர் ரொம்பத் தயங்கினார். பேரூராட்சி வார்டுக்கு டெபாசிட் ஆயிரம் ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. அதைக் கட்டிவிடலாம். மற்ற செலவுக்கு என்ன செய்வது என்பதுதான் அவர் தயக்கம். வரி பாக்கியில்லை என்ற ரசீது எல்லாம் எடுத்துக்கொண்டு சுயேச்சையாக மனு கொடுத்தார். முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவள் நான்.

ஓட்டுக் கேட்டுப் போனபோது கையில் நோட்டீஸைவிட அந்த நோட்டைத்தான் அதிகம் வைத்திருந்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அந்த வீட்டைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்துக் காட்டுவார். "உங்க வீட்டு முன்னால சாக்கடைப் பாலம் உடைஞ்சு ரெண்டு வருசமாச்சு, சரியா அக்கா? வேற ஏதாவது விட்டுப்போச்சா?" என்று கேட்டு எழுதிக்கொள்வார். பிரச்சாரம் முடிவதற்குள் அந்த நோட்டு தீர்ந்து இன்னொன்று வாங்க வேண்டி வந்தது.

பிப்ரவரி 19 சனிக்கிழமை ஓட்டுப்பதிவு. வியாழக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். "வீட்டுல எத்தனை ஓட்டு?" என்று மட்டும்தான் கேட்டார்கள். நான் வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். எங்கள் வீட்டிலேயே ஒருவர் தெருமுனையில் வைத்து வாங்கிக்கொண்டார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. இதை மறைத்துவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல மில்லைத் திறந்தேன். அரவைக் கூலி இருபது ரூபாய், முப்பது ரூபாய். வந்தவர்கள் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினார்கள். ஒருவர் இல்லை, இருவர் இல்லை. எல்லாம் மடிப்பே விழாத புது நோட்டு. ஒன்பது மணிக்குள் என்னிடம் சில்லறை தீர்ந்துவிட்டது. கடைசியாக ஒரு பாட்டி மூன்று கிலோ ராகியோடு வந்தார். அவருக்கு நின்றுபோன பென்ஷனுக்காகப் படிவம் நிரப்பி, வங்கிக்கும் தாலுகா ஆபீசுக்கும் கூடவே நடந்தவர் அந்தத் தையல்காரப் பெண்தான். பாட்டி நோட்டை என் கையில் வைக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் எதுவும் கேட்கவும் இல்லை. அவராகவே, "ஊட்டாண்ட வந்து குடுத்துட்டுப் போறாங்க. வேணாம்னு எப்பிடிம்மா சொல்றது?" என்றார். கூலியை அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி மாவைக் கட்டிக் கொடுத்தேன்.

தையல்காரப் பெண் மூன்றாவதாக வந்தார்.

அந்தத் தேர்தலில் மாநிலம் முழுக்கப் பதிவான ஓட்டு 60 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டியது. சென்னையில் பாதிப் பேர்கூடப் போடவில்லை. எங்கள் தருமபுரி மாவட்டத்தில் 80 சதவீதத்துக்கு மேல். ஓட்டுப் போடுவதில் எங்கள் ஜனங்களுக்குச் சோம்பல் கிடையாது. பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர்கள்கூட ராத்திரி பஸ் பிடித்து வந்து போட்டுவிட்டுப் போகிறார்கள். அப்படி வந்து வரிசையில் நிற்கிறவருக்கு முன்னால் எந்தப் பெயர்களை வைக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

கட்சிக்காரர் என்றால் ஆகாது, சுயேச்சை என்றால் நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. 1996 தேர்தலில் எங்கள் வார்டில் ஜெயித்தவர் கட்சிக்காரர்தான். டீக்கடை வைத்திருந்தார். விடியற்காலை பாலைக் காய்ச்சி வைத்துவிட்டு டார்ச் லைட்டோடு வால்வுக்கிட்ட போய் நிற்பார். கடைசி வீட்டுக் குடம் நிறைந்த பிறகுதான் கடைக்குத் திரும்புவார். அவர் ஜெயித்ததற்கு முன்னாலும் அதைத்தான் செய்தார், பதவி போன பிறகும் அதைத்தான் செய்தார். அவருக்கு சீட் கொடுத்த கட்சி அன்றைக்கு நல்ல காரியம் செய்தது. எல்லாக் கட்சிகளையும் நான் கேட்பது அதைத்தான். இந்த முறை சீட் கொடுக்கும்போது எவ்வளவு செலவு செய்வார் என்று பார்க்காதீர்கள். அவர் இருக்கும் தெருவில் வந்து, தண்ணீர் வராவிட்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள் என்று பத்துப் பேரைக் கேளுங்கள். பத்துப் பேரும் சொல்கிற பெயர் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்.

"நல்ல பொண்ணுதான், ஆனா தனி ஆளா உள்ளே போயி என்ன பண்ணிட முடியும்? ஓட்டு வீணாப் போயிடும்" என்று 2022இல் நிறையப் பேர் சொன்னார்கள். எங்கள் மாவட்டத்துப் பேரூராட்சிகளில் பதினைந்து, பதினெட்டு வார்டுகள்தான் இருக்கின்றன. தலைவரை ஜனங்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பதினைந்து பேர் இருக்கும் மன்றத்தில் எட்டு ஓட்டு கிடைத்தால் தலைவர். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கவுன்சிலரின் ஓட்டு சின்ன விஷயமா? விலை பேசுகிறவர்களுக்கு அதன் மதிப்பு நன்றாகத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை.

மன்றத்துக்கு உள்ளே நடப்பதையும் சொல்கிறேன். 2022 ஏப்ரலில் சொத்து வரியை உயர்த்தினார்கள். 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கே 25 சதவீதம் கூடியது, பெரிய வீடுகளுக்கு அதைவிட அதிகம். அது மாநில அரசு எடுத்த முடிவு என்றாலும் அந்தந்த மன்றத்தில் தீர்மானமாக வைத்தார்கள். ஓட்டுக் கேட்டு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் தெருவுக்கு யாரும் வந்து, இவ்வளவு கூடுகிறது, இதற்காகத்தான் கூடுகிறது, இந்தக் கணக்குத் தப்பாக இருந்தால் இங்கே மனு கொடுங்கள் என்று விளக்கவில்லை. ரசீது வந்த பிறகு வீட்டின் அளவைத் தப்பாகப் போட்டிருக்கிறது என்று நாலைந்து பேர் மில்லுக்கு வந்தார்கள். தையல்காரப் பெண்தான் டேப் வைத்து அளந்து மனு எழுதிக் கொடுத்தார். துணி அளக்கும் டேப்.

சட்டத்தில் இதற்கு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்துப் பகுதி சபா கூட்ட வேண்டும், அதிலிருந்து வார்டு கமிட்டிக்கு ஆட்கள் வர வேண்டும், கவுன்சிலர் அதற்குத் தலைவராக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி பேரூராட்சிக்கும் நகரத்துக்கும் இது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் தடவையாகப் பல ஊர்களில் கூட்டினார்கள். அந்தக் கூட்டத்தை ஆர்வத்தோடு கூட்டுகிறவர் கவுன்சிலராக இருந்தால் அதில் உயிர் இருக்கும். இல்லாவிட்டால் போட்டோ எடுத்து முடித்துவிடுவார்கள்.

பெண்களுக்கு ஐம்பது சதவீதம் கொடுத்தார்கள். இதற்காக 2016இல் சட்டம் வந்தபோது நான் மனதாரச் சந்தோஷப்பட்டேன். ஆனால் சுவரொட்டியில் வேட்பாளர் படம் சின்னதாகவும் வீட்டுக்காரர் படம் பெரிதாகவும் இருப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வாசலில் நின்று ஓட்டுக் கேட்டதும் வீட்டுக்காரர்தான், அந்தப் பெண் பின்னால் தட்டை ஏந்திக்கொண்டு நின்றார். அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் இந்த வார்டைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருந்திருக்கும், அவரை யாரும் பேச விடவில்லை.

பேரூராட்சி உறுப்பினருக்கு மதிப்பூதியம் மாதம் 2,500 ரூபாய். அதுவும் 2023 ஜூலையிலிருந்துதான். தையல், டீக்கடை, ஆட்டோ என்று அன்றாடம் சம்பாதித்துச் சாப்பிடுகிறவர் வேலையை விட்டுவிட்டு ஆபீஸ் ஆபீசாக அலைந்தால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? அதை மீறியும் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நாம் நிற்கச் சொல்லிவிட்டு ஓட்டுப் போடும் நாளில் தனியாக விட்டுவிடுகிறோம். நாங்கள் அப்படித்தான் விட்டோம்.

எங்கள் ஈரோட்டில் பெரியார் நகராட்சித் தலைவராக இருந்ததையும் குடிநீருக்காகப் பாடுபட்டதையும் என் அப்பா அடிக்கடி சொல்வார். ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி அதே காலத்தில், 1917இல், சேலம் நகராட்சித் தலைவரானார். கொள்கையில் எதிரும் புதிருமாக இருந்த இரண்டு பேரும் முதலில் பொறுப்பெடுத்தது தெருக்குழாயும் சாக்கடையும் உள்ள இடத்தில்தான். இன்றைக்குக் கவுன்சிலர் வேலை என்றால் படித்த பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். இருபத்தொரு வயது நிரம்பியிருந்து, ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நிற்கலாம். தான் குடியிருக்கும் வார்டில்தான் நிற்க வேண்டும் என்றும் இல்லை.

எந்த வார்டு யாருக்கு ஒதுக்கீடு என்பது அறிவிப்பு வந்த பிறகுதான் தெரியும். அதற்கப்புறம் ஆள் தேடினால் நேரம் போதாது, பணம் வைத்திருப்பவர்தான் தயாராக இருப்பார். அதனால் வாசகர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தெருவில் இப்படி ஓர் ஆள், ஆணோ பெண்ணோ, கட்டாயம் இருப்பார். இந்த மாதமே அவர் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். டெபாசிட்டை நாலு பேர் சேர்ந்து கட்டுங்கள். நோட்டீஸ் அடிக்கும் செலவைப் பகிர்ந்துகொள்ளுங்கள், கணக்கை எழுதி வையுங்கள். அவர் மனு கொடுக்கப் போகும்போது கூடவே போங்கள். ராத்திரி கதவைத் தட்டுகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதை உங்கள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து முன்கூட்டியே பேசி வையுங்கள். நான் அதைப் பேசாமல் விட்டுவிட்டேன்.

பேத்திக்கு முன்பல் முளைத்துவிட்டது. வெள்ளையாகத்தான் இருக்கிறது, ஓரத்தில் மட்டும் லேசாகச் சுண்ணாம்பு தடவின மாதிரி ஒரு புள்ளி. டாக்டர் பெரிதாக ஒன்றும் இல்லை என்றார். அவள் போட்டோவுக்கு வாய் நிறையச் சிரிக்கிறாள்.

போன வாரம் தையல்காரப் பெண் ராகி அரைக்க வந்தார். பையில் அந்த நோட்டும் இருந்தது, இது மூன்றாவது நோட்டு. மாவு இறங்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்து, வடக்குத் தெருவில் உடைந்த குழாயைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். இந்த முறையும் முன்மொழிந்து கையெழுத்துப் போட நான் தயார், என் வீட்டில் எல்லோரிடமும் பேசிவிட்டேன் என்று சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் அக்கா என்று சொல்லிவிட்டு மாவுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனார். இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
மாவு மில் நடத்தும் ஒரு வாசகி,
தருமபுரி மாவட்டம்.